கேயாஸ் மறையாக்கமா, ஏஇஎஸ்ஸா: ஸ்கேன் படத்துக்கு எது காவல்?

மதுரைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கேயாஸ் முறைப் பட மறையாக்கத்தை (தொடக்க எண் சிறிதே மாறினாலும் விடை முற்றிலும் மாறிப்போகும் சமன்பாடுகளால் படத்தைப் பூட்டுவதை) எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. சமன்பாடு இரண்டு வரி; படம் கலைவது கண்ணுக்குத் தெரியும். அண்ணா நகர் ஸ்கேன் மையத்திலிருந்து மருத்துவருக்குப் போகும் எம்ஆர்ஐ படத்துக்கும் இதுவே போதும் என்று அறிக்கையில் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கேயாஸ் முறைகளில் ஒன்றான ஆர்னால்டு பூனை மாற்றம், படத்தின் புள்ளிகளான பிக்சல்களை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். வண்டியூர் தெப்பக்குள மண்டபப் படத்தை 124×124 அளவில் வெட்டி, மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். சில சுற்றுகளில் மண்டபமும் நீரும் புழுதியாகக் கலந்துவிடும். 15ஆவது சுற்றில் ஒரு பிக்சல்கூடப் பிசகாமல் மண்டபம் திரும்பி நிற்கும். மூலையிலுள்ள (0,0) பிக்சல் எந்தச் சுற்றிலும் நகர்வதில்லை. ஹிஸ்டோகிராமும், அதாவது எந்த மதிப்பு எத்தனை பிக்சலில் உள்ளது என்ற கணக்கும், அப்படியே இருக்கும். இடமாற்ற விதியை எவ்வளவு ரகசியமாக வைத்தாலும், 256×256 படத்துக்கு எதிராளிக்கு இரண்டு படங்கள் போதும்: ஒன்றில் ஒவ்வொரு பிக்சலின் மதிப்பும் அதன் வரிசை எண், மற்றொன்றில் நெடுவரிசை எண். அதே சாவியால் இரண்டையும் கலைக்க வைத்தால், எந்தப் பிக்சல் எங்கே போனது என்பது முழுவதும் வெளியாகிவிடும்.

லாஜிஸ்டிக் சமன்பாடு என்னும் இன்னொரு கேயாஸ் சமன்பாட்டில் எண்களை (சாவித்தொடரை) உருவாக்கிப் படத்தோடு எக்ஸார் செய்வது (பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒத்தால் 0, வேறுபட்டால் 1 என எழுதுவது) இதைவிட மேல். ஆனால் முழுக் கறுப்புப் படம் ஒன்றை உள்ளே அனுப்பினால், எல்லா மதிப்பும் பூஜ்யம் என்பதால், வெளியே வருவது சாவித்தொடரே. அதே சாவியால் பூட்டிய அடுத்த படம் உடனே திறந்துவிடும். என்ட்ரோபி (பிக்சல் மதிப்புகள் எவ்வளவு சீராகப் பரவியுள்ளன என்னும் அளவு; உச்சம் 8) 7.99 என்று அட்டவணை காட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது. மேலும், கணினியின் எண்ணுக்குத் துல்லிய எல்லை உண்டு; முடிவில்லாமல் ஓட வேண்டிய தொடர் ஏதோ ஒரு கட்டத்தில் சுழற்சியில் விழுந்தே தீரும்.

ஏஇஎஸ் (AES) என்னும் பொதுத் தர மறையாக்க முறை வேறு வகை. 15 போட்டி முறைகளை உலக வல்லுநர்கள் வெளிப்படையாக உடைக்க முயன்ற பிறகு தேர்வாகி, 2001இல் அமெரிக்கத் தரமானது. மறைப்பதோடு தரவு மாறியதா என்றும் சரிபார்க்கும் ஜிசிஎம் முறையில் அதைப் பயன்படுத்தினால், வழியில் யாரேனும் ஸ்கேனில் ஒரு பிக்சலை மாற்றினாலும் பெறும் கணினி அதை நிராகரிக்கும். நோயாளியின் படத்துக்கு ரகசியம் எவ்வளவு முக்கியமோ, இதுவும் அவ்வளவு முக்கியம்.

எனவே மருத்துவமனைப் பக்கம் ஏஇஎஸ்-ஜிசிஎம்தான். அதிலும் கவனம் வேண்டும்: படத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மறைக்கும் இசிபி முறையில் போட்டால் ஒரே நிறப் பரப்புகள் ஒரே மாதிரி மறைந்து, படத்தின் உருவரை தெரியும், ஜிசிஎம்மில் ஒரே சாவிக்கு நான்ஸ் எண் (ஒவ்வொரு மறையாக்கத்துக்கும் புதிதாகத் தரும் எண்) இருமுறை வரவே கூடாது. கேயாஸ்தான் பிடித்திருக்கிறது என்னும் மாணவர்கள், ஏற்கெனவே வெளியான ஒரு முறையை அந்தக் கறுப்புப் படத்தால் உடைத்துக் காட்டட்டும். அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.