அரசு வழக்கறிஞரை யார் கேள்வி கேட்பது: வாக்காளரா, குடிமக்கள் குழுவா?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்கவில்லையா, அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்காளர் கண்ணில் படுவது தண்டனைக் கணக்குதான். கோப்பில் ஒளித்து வைத்த காகிதம் படாது. நியூ ஆர்லியன்ஸில் கொள்ளை, கொலை வழக்குகளில் சிக்கிய ஜான் தாம்சனுக்கு அதுதான் நடந்தது. கொள்ளைக்காரன் சிந்திய ரத்தம் பி வகை, தாம்சனுடையது ஓ வகை. அந்த ஆய்வக அறிக்கையை அரசு வழக்கறிஞர்கள் அவர் தரப்புக்குக் காட்டவேயில்லை. 18 ஆண்டு சிறை, அதில் 14 ஆண்டு மரண தண்டனைக் கைதியாக. பிறகு ஜூரி கொடுத்த 1.4 கோடி டாலர் இழப்பீட்டையும் 2011-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

ஜப்பானில் வழி வேறு. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்த 11 பேர், ஆறு மாதத்துக்கு, மூடிய அறையில் உட்கார்ந்து கோப்பைப் படிக்கிறார்கள். அரசு வழக்கறிஞர் வழக்குப் போட மறுத்தது சரியா என்று பார்க்கிறார்கள். குறைந்தது 8 பேர் இரண்டு முறை ‘போட வேண்டும்’ என்றால், 2009 முதல் அது கட்டாயம். அப்புறம் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் வழக்கை நடத்துவார்.

சரி, தப்பாகப் போட்ட வழக்கு? அதை இந்தக் குழு தொட முடியாது. இருந்தாலும் என் வாக்கு ஜப்பான் முறைக்கே, அங்கேதான் கோப்பு திறக்கிறது. குற்றம் சாட்டிய வழக்குகளின் கோப்புகளும் அந்த 11 பேர் மேசைக்கு வர வேண்டும்.