எச்சரிக்கை: “எத்தனை இன்ச் தூக்கணும் சார்?” என்று ஆரம்பிக்கும் பட்டறை

பிக்கப்புக்கு ஆஃப்டர்மார்க்கெட் (கம்பெனி தராமல் வெளியில் வாங்கி மாட்டும்) சஸ்பென்ஷன் போடும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுத்தவன் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன். அவர்கள் வேலை செய்த விதம் தெரிந்தால் போதும், அடுத்த ஆளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

என் வண்டி இரட்டை கேபின் பிக்கப். முன்னால் சுருளான காயில் ஸ்பிரிங், பின்னால் அடுக்கிய இரும்புப் பட்டை ஸ்பிரிங். பெரும்பாலான பிக்கப்களின் அமைப்பு இதுதான். ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்றுச் சுருள்) மாட்டிய பிறகு மூக்கு தொங்க ஆரம்பித்தது. குழியில் இறங்கினால் முன்பக்கம் ‘டமார்’ என்று அடிவாங்கும். இதைச் சரிசெய்யத்தான் போனேன். பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து கேட்ட முதல் கேள்வி, “எத்தனை இன்ச் தூக்கணும் சார்?”

இரண்டு என்றேன். பேச்சு அவ்வளவுதான். பம்பர் எவ்வளவு எடை, பின்னால் என்ன ஏற்றுவேன், எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுவேன், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அங்கே தூக்கி நிறுத்தியிருந்த இன்னொரு வண்டியைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

முன்னால் புது ஸ்பிரிங், நான்கு பக்கமும், பிடிமானத்தைக் கூட்டிக் குறைக்க எட்டு நிலைக் குமிழ் வைத்த ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்), பின்னால் ஐந்நூறு கிலோ பட்டை. “ஐந்நூறு கிலோ சார், இனி கவலையே இல்ல” என்றார். ஐந்நூறு என்ற எண் எனக்கும் இனித்தது. மறுநாள் சாயங்காலம் வண்டி தயார். பில்லில் ‘சஸ்பென்ஷன் கிட் - 1’ என்று ஒரே வரி. பழைய சாமானைக் கேட்டேன். “இரும்புக்குப் போட்டாச்சு சார்.” சரி என்று வந்துவிட்டேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நிறுத்திவைத்துப் பார்த்தால் வண்டி ராஜா மாதிரி இருந்தது. ஓட்டினால்தான் வேறு கதை.

பின்பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் தவளை மாதிரி எகிறியது. வளைவில் திருப்பிவிட்டு ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் அது தானாக நேருக்குத் திரும்பாமல் சோம்பலாக நின்றது. நேர் ரோட்டில் வண்டி அலைபாய்ந்தது. பிரேக் மிதித்தால் முன்பைவிட மூக்கு அதிகமாகக் கவிழ்ந்தது. மேட்டைத் தாண்டி முன்சக்கரம் கீழே தொங்கும் நேரத்தில் ‘டக்’ என்று இரும்பில் இரும்பு படும் சத்தம். கேட்டதற்கு, “புதுசு சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆகிடும்” என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடியதும் சில மில்லிமீட்டர் அமரத்தான் செய்யும். அதற்காக ஸ்டியரிங் தானாகச் சரியாகாது.

மூன்றாவது மாதம் வண்டி கழுவும்போது முன் ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது. குனிந்து பார்த்தால் முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை, அதாவது பூட், மடிப்பில் கிழிந்திருந்தது. அன்றைக்குத்தான் நண்பர் சொன்ன ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் உயரம் பற்றிப் பேசவே இல்லை.

“எடை போட்டியா தம்பி?”

எடைமேடையில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, மொத்தமாக என்று மூன்று சீட்டு வாங்கிவரச் சொன்னார். வாங்கிவந்ததும், பம்பரும் வின்ச்சும் இல்லாத என் வண்டி மாடலின் எடையோடு ஒப்பிட்டார். நான் மாட்டியது கிட்டத்தட்ட 90 கிலோ. ஆனால் முன் அச்சில் ஏறியிருந்தது 110-க்கும் மேல். பின் அச்சிலோ இருபது கிலோ குறைந்திருந்தது. பம்பர் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது இல்லையா, ஏற்றம் இறைப்பது போல முன்னால் அமுக்கிப் பின்னால் தூக்கிவிடுகிறது. ஏற்கெனவே லேசாகிப்போன அந்தப் பின்பக்கத்துக்குத்தான் எனக்கு ஐந்நூறு கிலோ பட்டை போட்டிருந்தார்கள்.

அந்த ஐந்நூறுக்கு அர்த்தம் ‘ஐந்நூறு வரை தாங்கும்’ என்பதல்ல. எப்போதும் ஐந்நூறு கிலோ மேலே இருக்கும் வண்டிக்கு என்று வளைத்த பட்டை அது. என் வண்டியில் வாரத்தில் ஆறு நாள் ஸ்டெப்னியும் ஒரு டூல்பாக்ஸும்தான் பயணம் செய்யும். எகிறாமல் என்ன செய்யும்? இன்னொன்று, விறைப்பான பட்டை போட்டதால் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. அது சேஸ், ஆக்சில், பிரேக் எல்லாம் சேர்ந்த கணக்கு.

அப்புறம் முன்சக்கரத்தைக் கழற்றினார். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ‘டக்’ சத்தம் எங்கிருந்து என்று பார்த்தால், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அப்பர் ஆர்ம் இறங்கிவந்து ஸ்பிரிங்கில் இடித்திருக்கிறது. இடித்த இடத்தில் விரல்நகம் அளவுக்குப் பளபளப்பான சிவப்புப் பெயின்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் கறுப்பு. கறுப்புக்கு அடியில் துரு. பெரியவர் ஸ்குரூ டிரைவர் நுனியால் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். கம்பெனி போட்ட வண்ணக் குறியே தெரிந்தது. என் ஸ்பிரிங்தான். இரும்புக்குப் போட்டதாகச் சொன்ன அதே ஸ்பிரிங், சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு என் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் வண்டியில் வெர்னியர் வைத்துக் கம்பியின் தடிமனை அளந்தோம். சாயத்தின் கனத்தைத் தவிர வித்தியாசமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூட ஸ்பிரிங்கில் பெரிது. மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தால், 14 மி.மீ. கம்பியை 15 ஆக்கினாலே விறைப்பு முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அதனால் வெர்னியர் பொய் சொல்லாது.

உயரம் எங்கிருந்து வந்தது? ஷாக்கின் தலைக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு அலுமினிய வில்லை. ஸ்பேசர் என்பார்கள். 25 மி.மீ. கனம்தான். ஷாக், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் நடுவில் நிற்பதால், சக்கரத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். ஸ்பேசரே மோசடி என்று சொல்லமாட்டேன். தெரிந்து போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதில் ஸ்பிரிங்கின் பலம் கொஞ்சமும் அதிகரிக்காது. முன்பு பாரத்தில் எவ்வளவு அமுங்கிக் கிடந்ததோ அவ்வளவுதான் இப்போதும். பெரிய குழியில் ரப்பர் தடுப்புக் கட்டை தொடுவதற்கு முன்பே ஷாக் அடிவரை போய் முட்டும். தொங்கும்போது சக்கரம் பழைய எல்லையைத் தாண்டி இறங்கும். சிவி ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்கும், பூட் கிழியும். என் வண்டியில் இரண்டுமே நடந்தது.

ஸ்டியரிங் விஷயம் காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. முன்பக்கம் தூக்கினால் காஸ்டர் குறையும், வண்டி நேருக்குத் திரும்பும் குணம் போய்விடும். பட்டறையில் அலைன்மென்ட் செய்ததாகச் சொன்னார்கள், தாள் தரவில்லை. பெரியவர் அனுப்பிய இடத்தில் அச்சடித்து வந்த தாளில் இடது 0.8 டிகிரி, வலது 1.3. டோவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணத்தை) மட்டும் திருப்பிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

பிரேக் கதைதான் என்னை நிஜமாகப் பயமுறுத்தியது. பட்டை போட்ட பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸில் உள்ள ஒரு வால்வுக்குச் சின்னக் கம்பி போகும். பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் பின்சக்கரத்துக்குப் பிரேக்கைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். பின்பக்கத்தை இரண்டு இன்ச் தூக்கிவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால், வண்டி காலியைவிடக் காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின்பிரேக் குறைந்து மொத்த வேலையும் முன்னால் விழும். என் வண்டியில் அந்தக் கம்பி ஏறக்குறைய நேராக இழுபட்டு நின்றது. பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், அதுவும் விறைத்துக்கொண்டு. புது வண்டிகள் பலவற்றில் இந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் கம்பி இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டும் பழசு. கழற்றிய யூ போல்ட்டை மறுபடி மாட்டக்கூடாது, அது முதல் முறையே இழுபட்டு நீண்டிருக்கும். புதுசு போட்டாலும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். அப்படி யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை.

பெரியவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பட்டையின் இரண்டு முனையையும் சேஸோடு பிடிக்கும் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும், வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது தளர்த்தினார். ‘க்ரீக்’ என்று ஒரு முனகல். வண்டி எங்கள் கண்முன்னே அமர்ந்தது. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்திருந்தேன், எட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வண்டியை லிஃப்டில் தொங்கவிட்டபடியே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் தொங்கும் நிலையில் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சவாரி விறைக்கும், புஷ் சீக்கிரம் கிழியும். ஆக, அவர்கள் காட்டிய உயரத்தில் ஒரு பங்கு முறுக்கின ரப்பர்.

ஷாக்? கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, கையால் அமுக்கிவிட்டோம். வாயு நிரப்பிய ஷாக் என்றால் தண்டு தானாக வெளியே வர வேண்டும். இரண்டு அப்படியே கிடந்தன. குமிழை ஒன்றில் வைத்து இழுத்தாலும் எட்டில் வைத்து இழுத்தாலும் கைக்கு ஒரே பிடிமானம். ஸ்டிக்கரில் இருந்த எண்ணைத் தயாரிப்பாளருக்கே எழுதிக் கேட்டேன். அது வேறொரு வண்டிக்கானது, அந்த மாடலில் குமிழே கிடையாது என்று பதில் வந்தது.

படங்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில், “கழற்றியதும் வாரன்டி போச்சு சார்.” சுரண்டிய ஸ்பிரிங் படத்தைக் காட்டியதும், “பையன் மாத்தி மாட்டிட்டான்.” பையன் தவறுதலாகச் சாயமும் பூசிவிட்டானா என்று கேட்டேன். பதில் இல்லை. பில்லில் ஸ்பிரிங் என்றோ ஷாக் என்றோ எழுதியிருந்தால் மேலே எங்காவது புகார் கொடுத்திருக்கலாம். ‘கிட் - 1’ என்று எழுதினார்கள், கிட் ஒன்று வந்தது. ஷாக்குக்கு மட்டும் பாதிப் பணம் திரும்பியது.

இப்போது வண்டியில் இருப்பது, அந்த எடைச் சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முன் ஸ்பிரிங், நீளம் சரியான, குமிழ் வைத்த ஷாக், காஸ்டரை மீட்கும் அப்பர் ஆர்ம், லேசான சுமைக்கான பட்டை. உயர்ந்தது 40 மி.மீ.தான். காஸ்டர் மூன்று டிகிரிக்கு மேல் வந்துவிட்டது. வால்வுக் கம்பியின் பிராக்கெட்டை மாற்றி அளவு வைத்தாயிற்று. ஹெட்லைட்டையும் இறக்கிவைத்தோம், அதுவரை எதிரே வந்தவர்கள் எல்லாம் ஏன் லைட் அடித்துத் திட்டினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

குமிழ் திருப்புவதை நானே கற்றுக்கொண்டேன். முழுக்க மூடி, அங்கிருந்து பின்னோக்கி ‘க்ளிக்’ எண்ண வேண்டும், கடைசி க்ளிக்கில் பலம் காட்டக்கூடாது. டயர் காற்று மாறாமல், வரிவரியாகக் கிடக்கும் ஒரே மண்ரோட்டில், ஒரே வேகத்தில், ஒரு தடவைக்கு முன்பக்கம் அல்லது பின்பக்கம் ஒன்றை மட்டும் இரண்டு க்ளிக் மாற்றி நோட்டில் எழுதினேன். பட்டறைக்காரர் எட்டில் வைத்து “இதுதான் பெஸ்ட்” என்றது எவ்வளவு தப்பு என்று அங்கே தெரிந்தது. வேலை செய்யும் ஷாக்கில் ரீபவுண்டை (அமுங்கியது விரியும்போது ஷாக் தரும் பிடிமானத்தை) அவ்வளவு இறுக்கினால், அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வரிக்கு வரி வண்டி தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் கட்டையில் ஓடும். எனக்கு முன்னால் நான்கு, பின்னால் மூன்று க்ளிக் சரியாக இருக்கிறது. உங்களுக்கு வேறாக இருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் திருகு வளையம் உள்ளவர்கள் அதை இறுக்கினால் விறைப்பு கூடும் என்று நினைக்கவேண்டாம். உயரம்தான் ஏறும், சக்கரம் கீழே தொங்கும் இடம் குறையும்.

ஐந்நூறு கிலோ பட்டை இரண்டும் வீட்டில் கிடக்கின்றன. அந்தப் பட்டறை கொடுத்ததில் நிஜமான சாமான் அது ஒன்றுதான், நல்ல பட்டை. எப்போதும் பாரத்தோடு ஓடும் இதே மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். வரும்போது எடைச் சீட்டு கொண்டுவாருங்கள்.