மண்டபத்து ஒலிக் கருவிகளுக்கு ஸ்டாட்டிக் ஐபி: சில வருட அனுபவம்

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் ஒலி அமைப்பைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். டிஜிட்டல் மிக்ஸர், டான்டே (நெட்வொர்க் கேபிள் வழியே ஒலியை அனுப்பும் முறை) ஸ்டேஜ் பாக்ஸ், டிஎஸ்பி (ஒலியைச் சீர்செய்யும் கருவி), நெட்வொர்க் ஆம்புகள், வயர்லெஸ் மைக் ரிசீவர்கள். முதலில் எல்லாமே டிஹெச்சிபியில், அதாவது ரவுட்டரே ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண்ணை (நெட்வொர்க் முகவரி) தானாகக் கொடுக்கும் முறையில் ஓடின. கரண்ட் ஒழுங்காக இருக்கும் இடத்தில் அது போதும். இங்கே கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்ததும் ஆம்ப் சட்டென்று எழுந்துவிடும், ரவுட்டர் நிதானமாகத்தான் வரும். முகவரி கொடுக்க ஆளில்லாத அந்த இடைவெளியில் பல கருவிகள் தாமாகவே 169.254 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்ளும். சத்தம் வரும், கருவிகளைக் கட்டுப்படுத்தும் டேப்லெட்டில்தான் கருவியைக் காணோம். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் ஐயர் மைக்கின் சத்தத்தைக் குறைக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரேக் இருக்கும் அறைக்கு ஓட வேண்டும்.

ஸ்டாட்டிக்குக்கு, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் நாமே மாறாத எண் கொடுக்கும் முறைக்கு மாற்றியபின் அந்த ஓட்டம் நின்றது. டிஎஸ்பி ஆம்புக்கு ம்யூட் கட்டளை அனுப்புவதும் ஐபி எண்ணைப் பார்த்துத்தான். எண் மாறாததால் அதுவும் சரியாகிவிட்டது.

எண்களை 192.168.10 வரிசையில் வைத்தேன். ரவுட்டர் தானாகக் கொடுப்பதில் கடைசி எண் 100க்கு மேல், கருவிகளுக்கு அதற்குக் கீழே. 192.168.0, 192.168.1 வரிசைகளை வேண்டுமென்றே தவிர்த்தேன். யமஹா சிஎல், க்யூஎல் மிக்ஸர்கள் 192.168.0.128 என்ற முகவரியோடுதான் வருகின்றன. கச்சேரிக் குழுவினர் கொண்டுவரும் மிக்ஸரை நம் ஸ்விட்சில் சொருகினால் மோதல் வரக் கூடாது, இல்லையா?

ரவுட்டரிலேயே மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) ஐபியை ஒதுக்கி வைப்பது அழகான வழிதான். ஆனால் இணைய நிறுவனத்து ஆள் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனால் ஒதுக்கீடு மொத்தமும் போச்சு. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. என் ஓட்டு, கருவியிலேயே எண்ணைப் பதிவதற்குத்தான்.

டான்டேவை மட்டும் தொடவில்லை. அதில் ஒலி இணைப்புகள் கருவியின் பெயரையும் சேனலின் பெயரையும் வைத்துத்தான் ஏற்படும், எண் மாறினாலும் கவலையில்லை. அதை ரவுட்டர் இல்லாத தனி ஸ்விட்சில் விட்டிருக்கிறேன். எல்லாம் 169.254க்கு வந்து தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, லேப்டாப்பும் தானியங்கி அமைப்பில் சேர்ந்துகொள்கிறது. பாதிக் கருவிக்கு ஸ்டாட்டிக், பாதிக்குத் தானியங்கி என்று கலந்தால்தான் தலைவலி. கட்டாயம் எண் கொடுக்க வேண்டுமானால் டான்டே கன்ட்ரோலரில் எல்லாக் கருவிக்கும் ஒரே வரிசையில் கொடுங்கள். கருவியை ரீபூட் செய்யச் சொல்லும், ஒலி அறுபடும். விசேஷ நாளில் வேண்டாம்.

குறை என்றால் பராமரிப்புதான். சர்வீஸுக்குப் போன ஆம்ப் ஃபேக்டரி ரீசெட் ஆகித் திரும்பி வரும், எண்ணை மறுபடி நாம்தான் போட வேண்டும். அதனால் ஒவ்வொரு கருவியின் பெயர், ஐபி, மேக் முகவரி எழுதிய தாளை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பென்சிலில்தான், ஆம்ப் மாறினால் அழித்து எழுத வசதி.