மரத்தின் உள்அழுகல்: ஒலி டோமோகிராபா, ஊசித் துளையா?

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை மரச்சுத்தியலால் தட்டினால் ‘டொப்’பென்று கேட்கிறது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. அடுத்து இரண்டு வழிகள்.

ஒலி டோமோகிராபில் அடிமரத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் உணரிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அழுகலைச் சுற்றிப் போகும் ஒலி தாமதமாகும். அதைக் கொண்டு கணினி குறுக்குவெட்டுப் படம் வரையும். முழு வட்டமும் தெரியும். ஆனால் வெறும் விரிசலையே பெரிய பொந்தாகக் காட்டிவிடும். உணரிகளின் இடைவெளியைத் தப்பாக அளந்தாலும் படம் கோணும்.

ஊசித் துளைக் கருவியான ரெசிஸ்டோகிராப், சுமார் 3 மி.மீ. முனையுள்ள ஊசியை மரத்துக்குள் செலுத்தி, அது சந்திக்கும் தடையை வரைபடமாக்கும். கோடு சரியும் இடத்தில் அழுகல். பொந்தைச் சுற்றி அழுகாமல் நிற்கும் சுவரின் தடிமன் துல்லியமாகக் கிடைக்கும், அந்த ஒரு கோட்டில் மட்டும். ஆரம்ப அழுகல் தப்பிவிடும். தவிர, அழுகலை அடைக்க மரம் கட்டிய தடுப்பைத் துளை உடைத்துப் பூஞ்சைக்கு வழிவிடலாம்.

முதலில் டோமோகிராப், சந்தேகப்படும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று துளை என்பதே சரி. 80 செ.மீ. விட்டத்துக்கு 12 செ.மீ. நல்ல சுவர் (ஆரத்தில் 0.3 பங்கு) இருந்தால் மரம் தாங்கும் என்ற பழைய கணக்கு, பொந்து வெளியே திறந்திருந்தால் செல்லாது. வேரழுகலோ இரண்டுக்குமே பெரும்பாலும் சிக்காது. வேர்க்கழுத்தில் (அடிமரம் வேராகப் பிரியும் இடம்) மண்ணை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.