எட்டா, எட்டேகாலா, எட்டரையா? பார்க்குக்கும் கம்பிக்கும் ஒரு ஸ்கேட்போர்டு

ஸ்கேட்போர்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது பலகையின் அகலத்தைத்தான். 8 அங்குலம் எடுப்பதா, 8.25 எடுப்பதா, 8.5 எடுப்பதா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சென்னையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதைவிட முக்கியமானது சக்கரம். பலகை கால் அங்குலம் கூடக்குறைய இருந்தால் கொஞ்ச நாளில் கால் பழகிவிடும். சக்கரம் தப்பாகிவிட்டால் கணுக்காலும் முட்டியும் விண்விண்ணென்று தெறிக்கும், மாதக் கணக்கில் ஓட்டினாலும் அது பழகாது. நல்ல போர்டுகள் பரணுக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

சிலவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கலர் கலரான குட்டி பிளாஸ்டிக் போர்டு தெருமுனைக் கடைக்குப் போய்வர அழகாக இருக்கும். அதில் எகிறிக் கம்பி மேல் (பலகையோடு ஏறிச் சறுக்க வைத்திருக்கும் இரும்புக் கம்பி) ஏறுவது நடக்காது. நீளமான லாங்போர்டும் இந்த வேலைக்கு ஆகாது. பொம்மைக் கடையில் கிடைக்கும் செட்டின் ட்ரக்கை, அதாவது பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சுப் பகுதியை, தட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் சத்தம் வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். டெகத்லானின் ஆரம்பநிலை செட் நின்று, தள்ளி, திரும்பக் கற்றுக்கொள்ளப் போதும்.

சரி, பலகைக்கு வருவோம். 8 அங்குலப் பலகை சட்டென்று சுழலும். எகிறும்போதே பலகையைக் காலால் சுழற்றிவிடும் கிக்ஃப்ளிப் போன்ற வித்தைகள் சீக்கிரம் கைகூடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஆறு, ஏழு சைஸ் ஷூ போடுகிறவர்களுக்கும் இதுதான் பொருத்தம். எட்டரை இதற்கு நேர் எதிர்: சுழற்றக் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் இறங்கும்போது கால் வைக்க இடம் தாராளம். ராம்ப் என்ற சரிவிலும் பவுல் என்ற கிண்ணம் போன்ற குழியிலும் ஆட்டம் காணாது. மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கிப் பழகிய பிள்ளைகள் பலகையில் ஏறினால் அகலமானதையே கை தேடும் என்றால் ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் நடுவில் எட்டேகால். எட்டு, ஒன்பது சைஸ் ஷூ போடுகிற, பாதி நாள் பார்க்கிலும் (ஸ்கேட்டிங்குக்கென்றே கட்டிய இடம்) பாதி நாள் கம்பியிலும் கழிக்கிற ஆளுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். கம்பி மேல் பலகையைக் குறுக்கே போட்டுச் சறுக்கும்போது 8 அங்குலத்தைவிட இதில் நிற்பது தைரியமாக இருக்கும்.

பலகையின் மொத்த நீளத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டு ட்ரக்குகளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கணக்கு. அது 14 அங்குலத்தை ஒட்டி இருந்தால் பலகை சுறுசுறுப்பாகத் திரும்பும், 14.5 ஆனால் வேகத்தில் நிதானமாக நிற்கும். மரம் ஏழு அடுக்கு மேப்பிளாக இருக்கட்டும். விளிம்பில் அடுக்குகள் எங்கும் வாய் பிளக்காமல் ஒட்டியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். பின்வாலைத் தரையில் அடித்தால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ஈரம் இறங்கிய பலகை ‘தொப்’ என்று விழும், அதற்கப்புறம் அதில் எகிறவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ரோட்டில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் போர்டை இறக்காதீர்கள்.

ட்ரக்கில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. பலகை அகலமும் அச்சின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இண்டிபெண்டன்ட் கம்பெனியின் ட்ரக் வாங்கினால் 8 அங்குலப் பலகைக்கு 139 எண் மாடல், எட்டேகாலுக்கு 144, எட்டரைக்கு 149. தண்டர் என்ற இன்னொரு கம்பெனியின் ட்ரக் எடை குறைவு, திரும்புவதில் துடிப்பானது. வருடக் கணக்கில் கம்பியிலும் சிமெண்ட் விளிம்பிலும் தேய்க்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இண்டிபெண்டன்ட்டுக்குத்தான். உள்ளே துளை போட்டு எடை குறைத்த விலை கூடின மாடல் ஆரம்பத்தில் தேவையே இல்லை. அந்தப் பணத்தைச் சக்கரத்தில் போடுங்கள்.

இனி சக்கரம். கடினத்தை ‘ஏ’ என்ற அளவில் சொல்வார்கள், எண் ஏற ஏறச் சக்கரம் கெட்டியாகும். 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள 101ஏ சக்கரம் மழமழவென்று பூசிய பார்க் தரையில் பறக்கும். வேண்டிய இடத்தில் வழுக்கிக்கொடுக்கும். அதையே அடையாற்றின் உள்தெருத் தாரில் விட்டால் ஒவ்வொரு ஜல்லியும் உள்ளங்காலில் வந்து பேசும். பேவர் பிளாக் பதித்த நடைபாதையில் இடுக்குக்கு இடுக்கு தடதடக்கும். மறுபக்கம் 58 மில்லிமீட்டர், 78ஏ. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் சத்தமே இல்லாமல் போகும், சின்னக் கல்லை விழுங்கிவிட்டு ஓடும். ஆனால் எகிறி இறங்கினால் ரப்பர் பந்தைப் போல மேலே தூக்கும். திண்டு விளிம்பில் மூக்கையோ வாலையோ வைத்துச் சறுக்கும்போது சக்கரம் சுவரில் உரசும். கெட்டிச் சக்கரம் வழுக்கிப் போகும், மெத்துச் சக்கரம் கப்பென்று பிடித்து ஆளை முன்னால் தூக்கி எறியும்.

“அண்ணா, பெரிய சக்கரம் போட்டா ஸ்பீடு வரும்ல?” என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். வரும் தம்பி. ஆனால் சக்கரம் பெரிதானால் பலகை உயரும், எகிறுவது கஷ்டமாகும். ட்ரக்கையும் தளர்வாக வைத்திருந்தால் சாய்ந்து திரும்பும்போது சக்கரம் பலகையின் அடியில் முட்டிச் சட்டென்று நின்றுவிடும். அப்படி விழுந்தால் அடி மோசமாக இருக்கும். ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ரைசர் என்ற தட்டையான அட்டையை வைத்தால் அது தீரும், கூடவே உயரமும் கூடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பவல் பெரால்டா கம்பெனியின் டிராகன் வகையில் 93ஏ சக்கரம், கரடுமுரடு ரோட்டில் மெத்தென்று ஓடிக்கொண்டே வழுக்கவும் செய்கிறது. சென்னைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, விலைதான் உறுத்தும். அது எட்டாவிட்டால் 53 அல்லது 54 மில்லிமீட்டரில் 99ஏ ஒரு செட்டும், ரோட்டுக்கு மட்டும் 78ஏ ஒரு செட்டும் வைத்துக்கொள்ளலாம். மாற்றுவது நாலு நட்டு வேலை. சைக்கிள் கடைக்காரரின் 13 எண் ஸ்பேனர் அதற்குச் சரியாகப் பொருந்தும். ஒரே செட்டுக்குத்தான் காசு என்றால் 99ஏ போதும். பார்க்கும் கம்பியும்தான் குறி என்றால் 78ஏவை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது.

பேரிங்கில் பெட்டி மேல் போட்டிருக்கும் ஏபெக் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது துல்லியத்துக்கான அளவு. குதித்து இறங்கும் அடியைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. கிட்டத்தட்ட எல்லா ஸ்கேட்போர்டுக்கும் 608 சைஸ்தான்: உள்துளை 8, வெளிவட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகளில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். விலை உயர்ந்தது வாங்கி உப்புக் காற்றில் போட்டு வைப்பதைவிட, நடுத்தரமானது வாங்கி அடிக்கடி துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது மேல்.

கம்பி பழகப் பார்க் தேடி அலைய வேண்டியதில்லை. வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குலச் சதுரக் குழாயில் கணுக்கால் உயரத்துக்கு ஒன்று செய்துகொள்ளலாம். கால்களை அகலமாக வைக்கச் சொல்லுங்கள், ஏறியதும் குப்புறச் சாயக் கூடாது. ட்ரக்குகளை வைத்துத் தேய்த்துப் போவதற்குச் சதுரக் கம்பி பிடிமானம் தரும். உருண்டைக் கம்பியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது செட் சக்கரத்துக்கு முன்னால் ஹெல்மெட் வாங்குங்கள். சைக்கிள் ஹெல்மெட் பெரும்பாலும் ஒரே ஒரு பலமான அடிக்காகச் செய்தது, பின்மண்டையையும் முழுசாக மூடாது. கம்பியில் கால் வழுக்கினால் ஆள் மல்லாக்கத்தான் விழுவார். பின்மண்டை வரை இறங்குகிற, ஸ்கேட்டிங்குக்கென்று சான்று பெற்ற ஹெல்மெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.