மாமன்றமா, பகுதி சபையா, கோட்டை மைதானமா? அரசமைப்புக்காகச் சேலத்தில் குரல் கொடுக்க இருக்கும் வழிகள்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் மாடி. வேலை முடிந்த பிறகு பாயை விரித்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். கேள்வி ஒன்றுதான்: அரசமைப்புச் சட்டத்துக்கும் மக்களாட்சிக்கும் ஆபத்து வரும்போது எங்கள் பக்கம் நில் என்று நம் மாநகராட்சியிடம் எப்படிக் கேட்பது? இரவு பத்து மணிக்குள் நான்கு பதில் வந்துவிட்டது. நாலு பேரும் தங்கள் வழிதான் சரி என்று அடித்துச் சொன்னார்கள். அன்று பேசியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சாக்கடையும் தெருவிளக்கும் பார்க்கிற அலுவலகத்துக்கும் அரசமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்கிறார்கள். சேலத்துக்காரர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அறுபது வார்டுகளுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. எல்லாம் தனி அலுவலர் பொறுப்பு. ஒரு முழு மாமன்றம் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டிய காலம் அப்படியே போயிற்று. இத்தனைக்கும், மாமன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று அரசமைப்பின் 243-யு பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. 74-வது திருத்தமாக 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பகுதி அது. அதற்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1994 ஜூன் 1-ல், சேலம் மாநகராட்சி ஆனது. ஆக, நம் மாநகராட்சி அந்தத் திருத்தத்துக்கு அப்புறம் பிறந்த பிள்ளை. அரசமைப்பு அதற்கு வெளியார் விவகாரம் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான்கு வழிகளையும் பார்க்கிறேன்.

மாமன்றத்தில் தீர்மானம்

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கவுன்சிலரிடம் மனு கொடுத்து, மாமன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர வைப்பது. "இம்மாமன்றம் அரசமைப்பைக் காக்க உறுதி பூணுகிறது" என்று தொடங்கும் வகை.

இதற்கு வெளிநாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 2001-ல் பயங்கரவாதத்தைத் தடுக்க என்று பேட்ரியட் சட்டம் வந்தபோது, யார் என்ன புத்தகம் எடுத்துப் படிக்கிறார்கள் என்பது வரை அரசு துருவ முடியும் என்ற பயம் எழுந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் நகர மன்றத்துக்குப் போய் நின்றார்கள். மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பர் நகரம் 2002 தொடக்கத்திலேயே தீர்மானம் போட்டது. அதன் பிறகு நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் போட்டன. பல தீர்மானங்களில் வெறும் கண்டனம் மட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் போலீஸ் இன்ன இன்ன காரியத்துக்குத் துணை போகாது என்றும் எழுதினார்கள்.

அங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே போலீஸ் நகர மன்றத்தின் கையில். சேலத்தில் மாநகரக் காவல் ஆணையர் மாநில அரசின் கீழ் இருக்கிறார், மேயரின் கீழ் இல்லை. அவர்கள் வாசகத்தை அப்படியே தமிழாக்கி இங்கே நிறைவேற்றினால் அதை நடைமுறைப்படுத்த ஆள் இருக்காது. மாமன்றத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ மாநில அரசுக்கு அதிகாரமும் உண்டு.

அதனால் மாமன்றத் தீர்மானம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாநகராட்சியின் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறப்பு, இறப்புப் பதிவு. மாநகராட்சிப் பள்ளிகள். தூய்மைப் பணியாளர்களின் வேலை. மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை மதிப்பதா மீறுவதா என்பது அன்றாடம் இங்கேதான் முடிவாகிறது. தெருவோரக் கடைக்காரர்கள், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்கு இடம் அவர்களே தேர்ந்தெடுக்கும் ஆட்களுக்கு. தீண்டாமை ஒழிப்பும் தொழில் செய்யும் உரிமையும் லீ பஜாருக்கும் சின்னக் கடை வீதிக்கும் வந்து சேரும் இடம் இதுதான். இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தேதி போட்டு, யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்கும் தீர்மானம் நிற்கும். "உறுதி பூணுகிறது" என்று மட்டும் எழுதினால் கைதட்டலோடு முடிந்துவிடும்.

இந்த வழியில் இன்னொரு சிக்கல், கட்சி. மாமன்றத்தில் எண்ணிக்கை உள்ள கட்சிக்கு வசதியானால் தீர்மானம் வரும், இல்லையென்றால் நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று ஓரங்கட்டலாம். நாளை வேறு கட்சி வந்தாலும் அதே கதைதான். மக்கள் கேட்டது என்பதற்கான தடம் எங்கேயும் இருக்காது.

பகுதி சபை

அந்தத் தடத்தைத் தருவது இது. என் ஓட்டு இதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்று அரசமைப்பு 1993-லேயே சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் சேலம் எட்டு லட்சத்தைத் தாண்டியது. ஆனாலும் தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் வந்தது 2022-ல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுக் காத்திருப்பு. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். அழைப்பிதழ் தேவையில்லை, எவர் சிபாரிசும் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

நான் போன ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வராந்தாவில் முப்பது நாற்காலி. முன்னால் ஒரு மேசை, அதன்மேல் நீளவாக்கில் கோடு போட்ட கனமான பதிவேடு. குப்பை வண்டி, தெருநாய், சாக்கடை அடைப்பு என்று வரிசையாக வந்தது. பிறகு பட்டுத்தறி ஓட்டும் ஒரு அக்கா எழுந்தார். "ஏனுங்க, இந்தக் கவுன்சிலருக்கு அஞ்சு வருசம் முடிஞ்சா அடுத்த எலெக்சன் உடனே வெப்பீங்களா? போன தடவ மாதிரி ஆறு வருசம் ஆளே இல்லாம உடுவீங்களா?" என்றார். சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, இது நம்ம கையில இல்லைங்க என்றார். அக்கா விடவில்லை. "உங்க கையில இல்லாம இருக்கட்டுங்க. நாங்க கேட்டோம்னு எழுதுங்க." எழுதினார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சாக்கடை அடைப்புக்குக் கீழே, ஏழாவது வரியாக, நீல மையில் இருந்தது.

மாமன்றத் தீர்மானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஏழாவது வரி. கட்சிக்காரர் எழுதிக் கொடுத்த வாசகம் இல்லை அது. ஒரு வாக்காளர் கேட்டார், அரசுப் பதிவேட்டில் ஏறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப்போட்டால் அதன் நகல் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பத்து வார்டுகளின் பதிவேடுகளில் அதே வரி இருந்தால், மாமன்றத்தில் கவுன்சிலர் வெறுங்கையோடு எழ வேண்டியதில்லை.

குறைகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. பகுதிப் பிரதிநிதிகள் தேர்தலில் வந்தவர்கள் அல்ல, நியமிக்கப்பட்டவர்கள். கூட்டத் தேதி பல தெருக்களுக்குத் தெரிவதே இல்லை. சபை சொன்னதை மாமன்றம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் இது அரசமைப்பு நமக்குப் போட்டுக் கொடுத்த நாற்காலி. நாம் உட்காராவிட்டால் காலியாகத்தான் கிடக்கும்.

மலை மேலே எப்படி?

ஏற்காட்டிலிருந்து வந்திருந்த நண்பர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். "உங்களுக்கு இது புதுசு. எங்களுக்குக் கிராம சபை பழக்கம்" என்றார். உண்மைதான். நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் செம்மநத்தத்திலும் கிராம சபை என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். முன்பு ஆண்டுக்கு நான்கு, இப்போது மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு. குறைந்தபட்சம் எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு. அந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தைக் கேள்வி கேட்கலாம், இருந்தால் அதற்கு எடை கூடுகிறது. நகரத்துக்காரர்கள் மலையிடமிருந்து படிக்க வேண்டிய பாடம் இந்த ஆள் எண்ணிக்கை.

ஆனால் மலையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள், இங்கும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள், ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதான். ஆனால் நியம்கிரி இருப்பது, பழங்குடியினருக்கு அரசமைப்பு தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாவது அட்டவணைப் பகுதியில். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. வன உரிமைச் சட்டம் மட்டும் துணை. அப்புறம், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தாமலேயே அங்கும் தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். நகரத்துக்கு 2016-ல் நடந்ததே மலைக்கும் நடந்தது. நண்பர் இதைச் சொன்னபோது மாடியில் சத்தமே இல்லை.

கோட்டை மைதானமும் திங்கட்கிழமை மனுவும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட்டை மைதானத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தினால் மறுநாள் செய்தித்தாளில் மூன்று பத்தி வரும். ஊர் முழுக்கப் பேச வைக்க இதைவிட வேகமான வழி இல்லை. ஒன்றுகூடும் உரிமையே அரசமைப்பு தந்தது, அதைப் பயன்படுத்தாமல் விட்டால் துருப்பிடிக்கும். ஆனால் மைக் இறங்கியதும் கோரிக்கையை அடுத்த மேசைக்கு எடுத்துப் போக ஆள் வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பது பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் நல்ல வழி. கலெக்டர் மாநில அரசின் அதிகாரி. மாமன்றத்தை ஒரு நிலை எடுக்க வை என்று அவரிடம் கேட்பது வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

நீதிமன்றம்

வழக்கறிஞர் தம்பி ஒருவர் இதற்காக வாதாடினார். சேலத்துக்கும் நீதிமன்ற வழிக்கும் ஆழமான உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறே நாளில், 1950 பிப்ரவரி 11-ல், சேலம் மத்தியச் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அதைக் கண்டித்து எழுதிய ஏடுகளில் ஒன்று ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்'. மெட்ராஸ் அரசு அந்த ஏடு மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-ல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கருத்துரிமை பற்றிய முதல் பெரிய தீர்ப்புகளில் ஒன்று அது. நம் ஊர்ச் சிறைச் சுவருக்கும் கருத்துரிமை தரும் பத்தொன்பதாம் பிரிவுக்கும் இப்படி ஒரு ரத்த சம்பந்தம்.

துப்பாக்கிச் சூடு நடந்து மூன்றரை மாதத்தில் தீர்ப்பு. ஆனால் எல்லா வழக்கும் அப்படிப் போவதில்லை. 2016 உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்ததும் உயர் நீதிமன்றம்தான். நகர்ப்புறத் தேர்தலை நான்கு மாதத்தில் முடி என்று 2021 செப்டம்பரில் கெடு வைத்தது உச்ச நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவே ஐந்து வருடம் கரைந்தது. சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை வழக்கிலும் பார்த்தோமே. 2019 ஏப்ரலில் நில எடுப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இன்ன தேதிக்குள் தேர்தல் நடத்து என்று கட்டளையிட வைக்க நீதிமன்றத்தை விட்டால் வேறு இடமில்லை. அதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தம்பிக்கு இதில் உடன்பாடில்லை, இப்போதே ரிட் மனு தயார் செய்ய வேண்டும் என்கிறார்.

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதனால் எங்கள் வரிசை இப்படி அமைந்தது: முதலில் பகுதி சபை, அந்தப் பதிவேட்டு நகல்களோடு மாமன்றம், மாமன்றம் அசையாவிட்டால் கோட்டை மைதானம், தேதி தவறினால் அன்றே நீதிமன்றம். பகுதி சபைக்கு எடுத்துப் போக ஒரு தாளில் நான்கு கோரிக்கை எழுதினோம். முதல் வரைவில் கனமான சொற்கள் இருந்தன. பட்டுத்தறி அக்காவிடம் காட்டினேன். "எங்க வீதியில படிச்சா புரியோணுங்க" என்று பாதியை அடித்துக் கொடுத்தார். அவர் திருத்திய வடிவம் இது:

"அடுத்த மாநகராட்சித் தேர்தலை இந்த மாமன்றத்தின் காலம் முடிவதற்குள் நடத்தச் சொல்லி மாமன்றம் தீர்மானம் போட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். பகுதி சபைக் கூட்டத் தேதியைப் பத்து நாள் முன்பே தெருவில் ஒட்ட வேண்டும். சபையில் பேசியதை எழுதிய பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி வார்டு அலுவலகத்தில் வைக்க வேண்டும். மாமன்றம் எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த சபையில் வந்து சொல்ல வேண்டும்."