உப்புப் பாக்கெட்டில் தேதி எழுத ஆரம்பித்து இரண்டரை வருஷம்

பயன்பாட்டு அனுபவம் என்றால் மிக்ஸி, ஏர்ஃப்ரையர் என்று ஏதாவது ஒரு பொருளைப் பற்றித்தான் எழுதுவார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே சமையல், யாருக்கும் தனி டயட் சாப்பாடு கிடையாது என்று முடிவெடுத்து இரண்டரை வருஷம் ஓடிவிட்டது, அது எப்படிப் போகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் வீட்டுக் கதை. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மனைவி ஸ்டாஃப் நர்ஸ், ஷிஃப்ட் டியூட்டி. நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையைப் பத்து மணிக்குத் திறந்தால் போதும் என்பதால் சமையல் என் கைக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு 71 வயசு, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. டாக்டர் அம்மாவைக் கண்டித்து அனுப்பிய புதிதில் அவருக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்குச் சோறு, எனக்கு ஓட்ஸ் என்று மூன்று அடுப்பு வேலை பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "ஏண்டா, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்று அம்மா ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அந்தச் சப்பாத்தியை நானே சாப்பிட மாட்டேன்.

சரி, எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், தட்டில் விழும் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும் என்று வந்தேன். இதில் உருப்படியாக வேலை செய்தது கரண்டியை மாற்றியதுதான். சோற்றுக்கு இருந்த பெரிய கரண்டியைப் பொரியல் சட்டியிலும், பொரியலுக்கு இருந்த சின்னதைச் சோற்றுப் பானையிலும் போட்டேன். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. இரண்டு கரண்டி வாங்குகிற பழக்கம் கையில் ஊறியிருப்பதால் பெரும்பாலும் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள், மகன் மட்டும் நாலு வாங்குவான், வளர்கிற பையன், வாங்கட்டும். அம்மா காயை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு அப்புறம்தான் சோற்றில் கை வைப்பார், அப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது உப்பு. பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேல் பேனாவால் தேதி எழுதிவிடுவேன், கடைக்காரன் புத்தி. முதல் ஒரு கிலோ பாக்கெட் 24 நாளில் தீர்ந்தது. கணக்குப் போட்டால் தலைக்கு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்கும் குறைவாக, அதாவது எங்கள் வீட்டில் ஒரு கிலோ குறைந்தது 40 நாள் வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், வெளியில் தின்பது எல்லாம் இதில் சேரவே இல்லை என்பது வேறு. ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் கலவரம் வரும் என்று பாக்கெட்டுக்கு ஓரிரு நாள் கூட வருகிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்ததில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது 36, 37 நாள் வருகிறது. புளியோ எலுமிச்சையோ இருந்தால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரிவதில்லை, கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசிப் போட்டால் அந்தக் குழம்புக்குத் தனியாக உப்பே வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் இருக்கிறது, அம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரைக்கு அது ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார், கேட்காமல் வாங்காதீர்கள்.

எண்ணெய்க்கும் இதே தேதிக் கணக்குதான். மாதம் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் போன இடத்தில் இப்போது மூன்று, தலைக்கு நாளைக்கு முப்பது கிராம் இருந்தது பதினெட்டுக்கு வந்திருக்கிறது. கேனை அப்படியே சாய்த்து ஊற்றுவதை நிறுத்தினேன், டீஸ்பூனால் அளந்து விடுகிறேன், அவ்வளவுதான்.

களியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கம் கேழ்வரகைக் கேவுரு என்றுதான் சொல்வோம். வாரத்தில் மூன்று ராத்திரி களி. நொய் முக்கால் பதம் வெந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் குவியலில் ஒரு ஓட்டை போட்டு, தீயைக் குறைத்துப் பத்து நிமிஷம் மூடி வைத்துவிட்டு, அப்புறம் பாத்திரத்தைத் தரையில் இறக்கி இரண்டு காலாலும் அண்டக்கொடுத்துப் பிடித்துக் கிளற வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். முதல் இரண்டு மாதம் உருண்டையைப் பிட்டால் உள்ளே பச்சை மாவுக் கட்டி இருக்கும், மகள் அதை எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கிக் காட்டுவாள்.

ஆனால் கேவுரு என்றால் சர்க்கரை ஏறாது என்று நான் நம்பியது தப்பு. ஒருநாள் அம்மா பெரிய உருண்டையாக இரண்டு கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மெஷினில் 248. "கேவுருல ஏதுடா சர்க்கரை, மிஷின் கெட்டுப்போச்சு" என்றார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. நைஸாக அரைத்த மாவு சீக்கிரம் ஜீரணமாகிவிடும், அளவும் ஜாஸ்தி, கூட நார்ச்சத்துக்குக் காய் எதுவும் இல்லை. இப்போது சின்ன உருண்டை ஒன்று, கூட ஒரு கிண்ணம் முருங்கைக்கீரையோ கொள்ளுக் கடைசலோ. அப்படிச் சாப்பிடும் நாளில் 180-ஐத் தாண்டுவது அபூர்வம். கால்சியத்துக்காக எனக்குக் கேவுரு மேல் மரியாதை குறையவில்லை, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தீட்டிய அரிசியில் பத்து தேறினால் அதிகம்.

மீந்த களியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் கூழ். நைட் டியூட்டி முடிந்து எட்டரைக்கு உள்ளே வரும்போதே மனைவி "ஏங்க, கூழ் இருக்கா?" என்பார். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுப்பேன். மோர் மிளகாய் பாதிதான், அதில் இருக்கிற உப்பு எனக்குத் தெரியும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் உள்ள வீட்டில் இந்தக் கூழை அடித்துக்கொள்ள வேறு டிபன் இல்லை, சூடு பண்ண வேண்டாம், ஆறிப்போச்சே என்ற பேச்சும் வராது.

காய்க்கு டோல்கேட் உழவர் சந்தை, வாரம் இரண்டு நாள் விடியற்காலையில். இலவம்பாடி முள் கத்தரிக்காய் வந்திருந்தால் அன்றைக்கு வேறு யோசனையே கிடையாது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்பும் எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. காம்பு முள் விரலில் ஏறினால் சாயங்காலம் வரை உறுத்தும். எண்ணெய்க் கத்தரிக்காயில் எண்ணெயைப் பாதியாக்கியபோது முதலில் சப்பென்று இருந்தது, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துக் கடைசியில் தூவியதும் சரியாகிவிட்டது.

இட்லி மாவில் நாலு டம்ளர் அரிசியில் இரண்டு டம்ளருக்குப் பதிலாக ஜவ்வாது மலைச் சாமை போடுகிறேன், உளுந்து வழக்கம்போல ஒரு டம்ளர். பாதிப் பாதி போனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. நாலும் சாமையாகப் போட்ட அன்றைக்கு இட்லி அடை மாதிரி தட்டையாக வந்தது, மகன் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தான். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் மாவு ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், ராத்திரி கரைத்துவிட்டுத் தூங்கினால் விடிகாலையில் மேடை முழுக்க மாவுதான்.

சறுக்கியதையும் சொல்ல வேண்டும். சிறுதானிய மாவு என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பாக்கெட்டை நாலு மாதம் வாங்கினேன். பின்னாடி பொடி எழுத்தில் பார்த்தால் முதல் பொருள் கோதுமை மாவு, சிறுதானியம் எல்லாம் வரிசையின் கடைசியில். எடையில் அதிகம் இருப்பதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி, அது தெரிந்திருந்தும் படிக்காமல் வாங்கியது என் தப்பு. அப்புறம் கீரை. ஐந்து பேருக்கு ஆய்வது முக்கால் மணி நேர வேலை, அம்மா மட்டும் இல்லையென்றால் அது வாரம் ஒருநாளோடு நின்றிருக்கும். மகளுக்குப் பரீட்சை வந்தால் பஜ்ஜி வேண்டும், அதைத் தடுக்க என்னால் ஆகாது. மாதம் ஒரு ஞாயிறு ஆம்பூர் பிரியாணி, அன்றைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. தயிர் வெங்காயத்தை மட்டும் பெரிய கரண்டியால் போடுகிறேன்.

அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.1 சதவீதம் இருந்தது 7.4-க்கு வந்திருக்கிறது, மாத்திரையும் நடையும் சேர்ந்துதான், சமையல் மட்டும் செய்த வேலை இல்லை. எனக்கு நாலு கிலோ குறைந்தது. மனைவிக்கு எடை அப்படியே இருக்கிறது, ஆனால் கேன்டீன் போண்டா நின்றிருக்கிறது.

இப்போது ஓடுகிற உப்புப் பாக்கெட்டுக்கு இன்றோடு 31 நாள், இன்னும் கால்வாசி கிட்ட இருக்கிறது. முதல் தடவையாக நாற்பதைத் தொடுமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, மாவடு வந்துவிட்டது, இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கிட்டு வாடா என்று அம்மா நேற்று சொல்லியிருக்கிறார். அதை எந்தப் பாக்கெட் கணக்கில் எழுதுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.